அடுப்பணைந்த நாடு

ஷஃபான் பிறை 4

ராஜா இறந்த செய்தி இன்று காலை வந்தது. வந்த அரை நாழிகைக்குள் இந்த ஊரில் ஓர் அடுப்புகூட எரியவில்லை.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி மரும்பி, கூழ் பாதி வெந்துகொண்டிருந்த பானையை இறக்கி வைத்தாள். ஒரு குடம் தண்ணீரை எடுத்து நெருப்பின்மேல் ஊற்றினாள். புகை முகத்தில் அடித்தும் அவள் திரும்பிக்கொள்ளவில்லை. பிறகு ஈரச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, மூன்று அடுப்புக்கல்லையும் குப்புறத் திருப்பி வைத்தாள். பக்கத்து வீட்டிலும் அப்படியே, அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே.

என் வழிகாட்டி ஹமிஸி கடற்கரைச் சோபாலாத் துறைக்காரன். ஏழு வருஷமாக என்னோடு இருப்பதால் தமிழ் பேசுவான், எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் காக்கா என்பான். அவன்தான் விளக்கினான். "காக்கா, இந்த நாட்டில் எரிகிற நெருப்பெல்லாம் ராஜா வீட்டு நெருப்பு. வருஷத்துக்கு ஒருதரம் பழையதை அணைப்பார்கள். ராஜாவின் ஆள் ஓடிவந்து சீமைத் தலைவியிடம் புது நெருப்பைக் கொடுப்பான், தலைவி வீட்டிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ராஜா செத்தால் நெருப்பும் செத்தது. புது ராஜா அனுப்புகிறவரைக்கும் யாரும் மூட்டக்கூடாது."

"மூட்டினால்?"

"தன்னையே ராஜா என்று சொல்லிக்கொண்டதாக அர்த்தம். உயிர் போகும்."

நான் காயல்பட்டினத்துச் செகு நெய்னா. இந்த ஏடு மட்டும் ஊர்போய்ச் சேர்ந்தால், யாருடையது என்று தெரியட்டும் என்று பெயரை எழுதி வைக்கிறேன். நீலத்துணியும் சிவப்புப் பாசிமணியும் பதினெட்டுச் சுமை கொண்டுவந்தேன். பாதிக்குமேல் மாற்றியாகிவிட்டது. இன்னும் நான்கு நாளில் கிளம்பி, மழை பிடிக்குமுன் கடற்கரை போய்ச் சேருவதாக இருந்தேன்.

ஷஃபான் பிறை 6

ஊறவைத்த கம்பு. பல் வலிக்கிறது.

ஷஃபான் பிறை 9

இந்த மலைநாட்டில் ராஜாக்கள் தங்கள் குடும்பத்துப் பெண்களைச் சீமைகளுக்குத் தலைவிகளாக வைப்பது உண்டு. இந்தச் சீமைத் தலைவி முன்யாரா, இறந்த ராஜாவுக்குச் சின்னம்மா மகள். ஐம்பது வயதிருக்கும். வெண்கல வளையல் முழங்கைவரை. அவள் யாரிடமும் நேரே பேசுவதில்லை. நடுவில் ஒருவர் உட்கார்ந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் திருப்பிச் சொல்கிறார். கை தட்டிவிட்டுத்தான் வாய் திறக்கவேண்டும்.

கை தட்டினேன். போக விடை கேட்டேன்.

"எந்த ராஜாவின் பெயரைச் சொல்லிப் போவீர்?" என்று கேட்டாள்.

வழியில் காவல் இருப்பவனிடம் ராஜாவின் பெயரைச் சொன்னால் விடுவான், சுமையைத் தொடமாட்டான். இப்போது சொல்லப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் சந்தை இல்லை, பொன்மண் அரிப்பவர்கள் ஆற்றில் இறங்குவதில்லை. மாதத்தில் ஏழு நாள் ராஜாவின் வயலில் வேலை செய்கிறவர்கள், இந்த மாதம் யாருடைய வயலில் இறங்குவது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். யானை விழுந்தால் தரையில் படுகிற தந்தம் ராஜாவுக்கு. நேற்று ஒரு யானை செத்துக் கிடக்கிறதாம். ஒருவரும் கிட்டப் போகவில்லை.

ஒரு மனுஷன் செத்ததற்கு ஒரு நாடே நிற்கிறது. காயலில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஷஃபான் பிறை 13

இரண்டு நெருப்பு புறப்பட்டிருக்கிறது.

ஒன்று ராஜாவின் மகன் குத்சா அனுப்பியது. இன்னொன்று ராஜாவின் தம்பி செரிமா அனுப்பியது. இருவரும் தாங்கள்தான் ராஜா என்கிறார்கள். எந்த நெருப்பை வாங்கினாலும் ஊர் மற்றவனுக்கு விரோதி. முன்யாராவின் வீட்டு வாசலில் ஆண்கள் காலையிலிருந்து பேசுகிறார்கள். முடிவில்லை.

ஹமிஸிக்கு நடுக்கம். மலைக்குளிர் என்கிறான்.

ஷஃபான் பிறை 17

குளிர் இல்லை, காய்ச்சல்தான். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இந்த மலையில் விடிந்து மூன்று நாழிகைவரை மூடுபனி. துணி, பாய், கூரை எல்லாம் சொட்டுகிறது. மரும்பி அவனை மாட்டுக்கொட்டிலில் இரண்டு பசுக்களுக்கு நடுவே படுக்கவைத்தாள். நோயாளிகளை இப்போது இப்படித்தான் வைக்கிறார்கள். பசுவின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்து அவன், "காக்கா, நான் கன்றுக்குட்டி ஆகிவிட்டேன்" என்று சிரித்தான். பிறகு இருமல் அவனை விடவில்லை.

மூன்றாம் வீட்டுக் கைக்குழந்தை இன்று போய்விட்டது. தாய் அழும் சத்தம் கேட்டதும் மரும்பி மாவு இடிப்பதை நிறுத்திவிட்டாள். உலக்கையைப் பிடித்தபடியே நின்றாள். அவள் விதவை, தனி ஆள், அதிகம் பேசாதவள். நெடுநெடுவென்று வளர்த்தி. எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஷஃபான் பிறை 19

ஹமிஸி இன்று கஞ்சி குடித்தான். மூடுபனி மிக அடர்த்தி. மரும்பி ஆற்றுக்குப் போயிருந்தாள். வேறொன்றும் விசேஷம் இல்லை.

ஷஃபான் பிறை 20

மூடுபனி. ஹமிஸி சூடாக இரண்டு கிண்ணம் நன்றாகக் குடித்தான். இருமல் கொஞ்சம் இளகியிருக்கிறது.

என் குடிசைக் கூரையில் யாரோ ஈரப்புல்லைப் பரப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஊர்ப்பேச்சில் மரும்பியிடம் கேட்டேன்.

"எலி ஓட்டை போட்டிருக்கிறது, கடல்காரரே" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷஃபான் பிறை 22

இரண்டு நெருப்பும் வந்துவிட்டது. ஊருக்கு வடக்கே ஒரு குன்றில் செரிமாவின் ஆட்கள், தெற்கே ஒரு குன்றில் குத்சாவின் ஆட்கள். இருவர் கையிலும் மூடிய மண்சட்டி. சட்டிக்கு இரவும் பகலும் காவல்.

இன்று அதைவிடப் பெரிய விஷயம் நடந்தது.

தொண்டோ என்றொருவன். நாற்பது வயது, முன்பு இரும்பு உருக்கியவன். அவன்மேல் பழைய ராஜா ஒருவரின் ஆவி இறங்கும். சிங்கத்தின் குரலில் பேசுவான் என்கிறார்கள். அந்த ஆவி சொல்லாமல் இங்கே எந்த ராஜாவும் ராஜா இல்லை. அவன் இன்று வீடுவீடாக நடந்தான். மூக்கை உயர்த்தி மோந்துகொண்டே வந்தான். எங்கள் வாசலில் நின்றான். என் குடிசைக்குள் குனிந்து போனவன், அடியில் கரி பிடித்த சின்னச் சட்டி ஒன்றோடு வெளியே வந்தான்.

"இது யாருடைய சட்டி?"

"என்னுடையது" என்றாள் மரும்பி.

"நெருப்பு வைத்தது யார்?"

"என் அடுப்பைக் கேளுங்கள்" என்றாள். அவளைத் தலைவி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

ஷஃபான் பிறை 23

மரப்பட்டை ஒன்றை இடித்துக் கரைத்துக் கொடுப்பார்களாம். வாந்தி எடுத்தால் குற்றமில்லாதவள். எடுக்காவிட்டால் பிணம். அமாவாசை நெருங்கிவிட்டதால் இப்போது விசாரணை கூடாது. புதுப்பிறை கண்ட மறுநாள் இங்கே ஓய்வுநாள், அதற்கு அடுத்த நாள்தான் கிண்ணம்.

பதினெட்டுச் சுமையும் என் மூத்த அண்ணன், பெரிய காக்கா, போட்ட முதல். என்மேல் பழி வந்தால் அவ்வளவும் போகும், என்னோடு வந்த சுமைக்கூலிகள் பதினெட்டுப் பேரின் கதி தெரியாது. இதையும் யோசிக்கவேண்டியிருக்கிறது. அவள் வாந்தி எடுத்துவிடலாம். நிறையப் பேர் எடுத்துவிடுகிறார்களாம்.

ஷஃபான் பிறை 24

விடியற்காலை சுபுஹு தொழுகையில் இரண்டு தடவை ஓதியது மறந்துபோனது.

ஷஃபான் பிறை 26

ஹமிஸி எழுந்து நடக்கிறான். மரும்பி எங்கே என்று கேட்டான். சொன்னேன்.

"காக்கா, எனக்குக் கஞ்சி சூடாகத்தான் இருந்தது."

"காய்ச்சலில் உனக்கு அப்படித் தோன்றியிருக்கும்."

"நாக்கு சுட்டது."

நான் இடுப்புப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"அவங்க குடிக்கப் போறது என் கஞ்சிக்கான கிண்ணம்" என்றான். "நீங்க போய்ச் சொல்லலேன்னா நான் சொல்வேன். நான் சொன்னா, வேலைக்காரன் முதலாளியைக் காட்டிக்கொடுத்தான்னு ஆகும். அதனால கிண்ணம் வர்ற நாள் வரைக்கும் உங்களுக்காகக் காத்திருக்கேன்."

ஏழு வருஷத்தில் அவன் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

ஷஃபான் பிறை 29

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் ஊர் முழுக்க மேற்கே பார்த்து நின்றது. அவர்களுக்கு ஓய்வுநாள் பிறை. எனக்கும் ஹமிஸிக்கும் ரமலான் பிறை. மேகம் இருந்தது. காணாமல் போகட்டும், இன்னும் ஒருநாள் தள்ளிப்போகட்டும் என்று துஆ செய்தேன். ரமலான் பிறையைக் காணக்கூடாது என்று துஆ செய்தவன் காயலில் என்னைத் தவிர வேறொருவன் இருக்கமாட்டான்.

மேகம் விலகியது. நகக்கீறல்போலப் பிறை. பெண்கள் குலவை இட்டார்கள்.

ரமலான் பிறை 1

நோன்பு. ஊரில் யாரும் மண்வெட்டி தொடவில்லை. ஹமிஸி தனியாகப் போய் நோன்பு திறந்தான்.

ரமலான் பிறை 2

இதுவரை எழுதாததை எழுதுகிறேன். என் இடுப்புப் பையில் சக்கிமுக்கிக் கல்லும் இரும்பும் இருந்தன. பிறை 18-ஆம் நாள் ஹமிஸியின் உதடு நீலம் பூத்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மூடுபனிக்குள் காய்ந்த சாணியை வைத்து நான்தான் நெருப்பு மூட்டினேன். தண்ணீர் வைத்தேன், கஞ்சி காய்ச்சினேன். செய்ததில் வருத்தம் இல்லை. அவளை அழைத்துக்கொண்டு போனபோது பேசாமல் நின்றேனே, அதற்குத்தான் பெயர் தெரியவில்லை.

இன்று காலை பெரிய மரத்தடியில் கூட்டம். மரும்பி தரையில் உட்கார்ந்திருந்தாள். தொண்டோ கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். நான் போய் நடுவில் நின்று கை தட்டினேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன்.

"நெருப்பு வைத்தது நான். மரும்பிக்குத் தெரியாது."

"தெரியும்" என்றாள் மரும்பி. "புகை தெரியாதபடி கூரையில் ஈரப்புல் போட்டது நான்."

கூட்டம் எழுந்துவிட்டது. உட்கார வைக்கவே ஒரு நாழிகை ஆனது. அதன்பின் பேசத் தொடங்கினார்கள். தலைவி அங்கே தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போவதில்லை. இடையர், கருமான், வேட்டைக்காரன் என்று ஒவ்வொருவரும் கை தட்டிப் பேசுகிறார்கள். அவள் கேட்கிறாள். ஒரு கிழவர் சொன்னார்: "விருந்தாளி செய்தது வீட்டுக்காரியைச் சேரும். அவர் ஒப்புக்கொண்டதால் அவள் தப்பமுடியாது." வாயைத் திறந்தால் அவள் பிழைப்பாள் என்றல்லவா வந்தேன்! இன்னொருவர், "கடல்காரரைக் கொன்றால் கடல்வழி அடைபடும். நம் பெண்கள் மறுபடி மரப்பட்டை உடுத்தவேண்டியதுதான்" என்றார். மூன்றாவது ஆள், குழந்தையைப் பறிகொடுத்த தகப்பன், எழுந்தான். எல்லோரும் அவன் என்னைக் கொல்லச் சொல்வான் என்று நினைத்தார்கள். "என் வீட்டுக்கும் ஒரு கங்கு கொடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் தொண்டோவுக்கு ஆவி இறங்கியது. உடம்பு முறுக்கிக்கொண்டது. குரல் அவனுடையதாக இல்லை, அடித்தொண்டையில் உறுமல். என்னைப் பார்த்துக் கேட்டான்.

"உங்கள் நாட்டில் ராஜா செத்தால் நெருப்பை யார் வைத்துக்கொள்வார்கள்?"

"எங்கள் ஊரில் ராஜா செத்தால் அடுப்புக்குத் தெரியாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. "அப்படியானால் உங்களுக்கு ராஜா இருக்கிறார் என்பது எப்படித் தெரியும்?" என்றது அந்தக் குரல்.

வரி வாங்க ஆள் வருவான், அப்போது தெரியும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் குற்றமும் ராஜா யார் என்பதும் சேர்ந்தே முடிவாயின. தம்பி இருக்கும்போது மகனுக்கு முறை இல்லை என்று ஆவி சொன்னது. ஊர் செரிமாவின் நெருப்பை வாங்கும். மறுப்பைக் குத்சாவிடம் இந்த ஊர் ஆளே கொண்டுபோகவேண்டும். தண்ணீரில் நனைத்த பந்தம்தான் அடையாளம். போகிறவனைக் கொல்ல குத்சாவுக்கு உரிமை உண்டு. ஊரில் யாரும் போக முன்வரவில்லை.

முன்யாரா முதல்முறையாக நடு ஆள் இல்லாமல் என்னிடமே பேசினாள். "நெருப்பை எடுத்தவர் நீர். அணைந்த நெருப்பை நீரே கொண்டுபோம். வீட்டுக்காரி விருந்தாளியோடு போவாள். திரும்பி வந்தால் உங்கள்மேல் குற்றம் இல்லை."

தொண்டோ கிண்ணத்தை மண்ணில் கவிழ்த்தான்.

ரமலான் பிறை 5

மூன்றாம் பிறையன்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

விடிந்ததும் கிளம்பினோம். மரும்பி முன்னால், நனைந்த பந்தத்தோடு நான் பின்னால். தெற்கே அரைநாள் நடை. ஓர் ஓடையைத் தாண்டியதும் கேட்டேன், "எதற்காக என்னை மறைத்தீர்கள்?"

நடந்துகொண்டே சொன்னாள். "போன ராஜாவுக்கு முந்தின ராஜா செத்தபோது நான் இளம் வயதுக்காரி. அப்போதும் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். இரண்டு மாதம் நெருப்பில்லை. என் புருஷன் சண்டைக்குப் போய்விட்டான். எனக்கு இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் உங்கள் ஆளைப்போலவே இருமல்." கொஞ்சம் நின்றாள். "வீட்டில் தீக்கடைகோல் இருந்தது. நான் தொடவில்லை. எல்லோரும் என்னை மெச்சினார்கள்."

அதற்குப் பிறகு குத்சாவின் முகாம்வரை வேகமாக நடந்தாள்.

நூறு பேருக்குமேல் ஈட்டியோடு இருந்தார்கள். குத்சாவுக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. தகப்பன் துக்கத்துக்குத் தலை மழித்திருந்தான். பந்தத்தை அவன் காலடியில் வைத்தேன். தண்ணீர் சொட்டி மண் கறுத்தது. சுற்றியிருந்தவர்கள் ஈட்டிக்கம்பைத் தரையில் தட்டத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவன் கையை உயர்த்த, சத்தம் நின்றது. "முன்யாரா ஊரில் திருட்டு நெருப்பு எரிந்ததாகக் கேள்விப்பட்டேன். யார்?"

"நான்."

"எதற்கு?"

"என் ஆள் இருமலில் சாகக் கிடந்தான்."

"அவன் உனக்கு என்ன வேண்டும்?"

கூலிக்கு வந்தவன் என்று சொல்லத்தான் நினைத்தேன். "தம்பி" என்று வந்துவிட்டது.

அவன் பந்தத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "என் தகப்பனுக்கும் அதே இருமல்தான். பக்கத்தில் பெரிய நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது." பிறகு நிமிர்ந்தான். முகம் மாறிவிட்டது. "இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். பதில் கொண்டுபோக ஒரு வாய் போதும். ஒருவர் இங்கே இருக்கவேண்டும்."

நான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். நான் வாய் திறக்குமுன் மரும்பி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "விருந்தாளியை முழுசாகத் திருப்பி அனுப்புவது என் கடமை" என்றாள். இரண்டு பேர் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி நடக்கவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, குத்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா? மூன்று நாளாக என்னையே கேட்கிறேன். ஆம் என்று எழுத வரவில்லை.

ஊர் திரும்பியபோது எல்லா வீட்டிலும் புகை.

ரமலான் பிறை 8

பாதை திறந்துவிட்டது. செரிமாவின் பெயரைச் சொன்னால் விடுகிறார்கள். முன்யாராவிடம் போய், மரும்பியை மீட்க ஆள் அனுப்பக் கேட்டேன். "அனுப்பினால் சண்டை, சண்டை வந்தால் முதலில் சாவது அவள்தான்" என்றாள். சரிதான். எழுந்து வரும்போது, "அவள் அடுப்பு மட்டும்தான் இந்த ஊரில் இன்னும் குப்புறக் கிடக்கிறது. அந்த வீட்டு ஆள்தான் கங்கு வாங்கவேண்டும்" என்றாள். என்னைத்தான் சொல்கிறாள். வாசலில் கிடந்த ஓட்டுச்சில்லை எடுத்துக் கங்குக்கு நீட்டினேன்.

ரமலான் பிறை 11

சுமைகளோடு ஹமிஸியை அனுப்பிவிட்டேன். பெரிய காக்காவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். போகும்போது ஹமிஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழைக்கு முன்னால வந்துடுங்க, காக்கா" என்றான். வரமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும்.

ரமலான் பிறை 16

தகவல் இல்லை. அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு முறை கூழ் அடிப்பிடித்தது.

ரமலான் பிறை 19

இன்னும் இரண்டு சீமைகள் குத்சாவை மறுத்துவிட்டனவாம். அவன் கோபத்தில் இருக்கிறான் என்கிறார்கள். தூக்கம் இல்லை.

ரமலான் பிறை 24

வந்துவிட்டாள்.

அசர் வேளை. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். நாய் குரைத்தது. வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். பாதி உடம்பாக இளைத்து, ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தாள். குத்சா முகாமைக் கலைத்துக்கொண்டு தெற்கே போய்விட்டானாம். அதுவரை அவன் ஆட்களுக்கு மாவு இடித்திருக்கிறாள். ஓர் ஆற்றங்கரையில் விட்டுவிட்டுப் போனார்கள், ஆறு நாள் நடந்திருக்கிறாள்.

வீட்டுக்குள் வந்தவள் அடுப்பின் முன் குந்தினாள். கையை நீட்டினாள். பிறகு காலை நீட்டினாள்.

"உங்கள் தம்பி?"

"சோபாலா போய்விட்டான். இருமல் இல்லை."

தலையசைத்தாள். கூழ் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். நான் வெளியே வந்து, தண்ணீர் காட்டிய மாட்டுக்கே மறுபடி தண்ணீர் காட்டினேன்.

ரமலான் பிறை 27

மழை பிடித்துக்கொண்டது. ஆறுகள் நிரம்பிவிட்டன. இனி ஐந்து மாதத்துக்குக் கடற்கரைப் பாதை இல்லை.

காலையில் மரும்பி ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து வாசலில் என் முன்னால் வைத்தாள். வயலை நோக்கி நடந்தாள். நான் பிறந்தது முதல் துணியை அளந்தவன், மண்ணைக் கொத்தியதில்லை. எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இரண்டு வரி கொத்தினேன். அவள் குனிந்து விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஆழம் போதாது" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து கொத்தினேன்.